மாப்பிள்ளை எதிரில் சொல்லாத வலி

என் மனைவியின் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது எங்கள் இருவருக்கும் இருபது வருடமாகத் தெரியும். மாதவிலக்கு நின்றதும் தானே சுருங்கிவிடும் என்று அன்று பார்த்த டாக்டர் சொன்னார். நின்றது. கட்டியை மறந்துபோனோம். 2009 மழைக்காலத்தில், அறுபத்தாறு வயதில், ஒரு காலை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள்.

கடலூரிலேயே இருக்கும் மாப்பிள்ளை கார் கொண்டுவந்தார். நல்லவர். அதுதான் வினையாகப் போயிற்று. டாக்டர் அறைக்குள்ளும் எங்களோடு வந்து நின்றார். மாப்பிள்ளையை வெளியே இருங்கள் என்று எந்த மாமனார் சொல்வான்? அவர் எதிரில் கர்ப்பப்பையைப் பற்றி எந்த மாமியார் வாய் திறப்பாள்? டாக்டர் கேட்டது நாலு கேள்வி. மூன்றுக்கு மாப்பிள்ளையே பதில் சொன்னார். நாலாவது, எந்த இடத்தில் வலி என்பது. அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தொப்புளுக்கு மேலே கையை வைத்தாள்.

“ராத்திரி பரோட்டா சாப்ட்டாங்க சார், கேஸாதான் இருக்கும்” என்றார் மாப்பிள்ளை.

பழைய கட்டியைப் பற்றி நான் வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் அது இருமலாகிவிட்டது. டாக்டர் புடவைக்கு மேலேயே இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து ஐந்து மாத்திரை எழுதினார். வயதான பெண்ணுக்கும் கர்ப்பப்பை என்று ஒன்று இருப்பது அவர் நினைவுக்கே வரவில்லை.

ஐந்தும் வாந்தியில் வந்துவிட்டன. மறுநாள் சிறுநீரும் பிரியவில்லை. சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனிகளைத் தாண்டும்போது மறுபடி வாந்தி.

“கம்பெனி வாடை மாமா, யாரா இருந்தாலும் கொமட்டும்.”

சிதம்பரத்தில் ஒரு பெண் டாக்டர். “ஆம்பளைங்க ரெண்டு பேரும் வெளியில இருங்க” என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காக நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் வந்திருக்கிறோம். கதவு மூடியதும் இருபது வருடக் கட்டி பேச்சில் வந்துவிட்டது. ஸ்கேனில் கட்டி தெரிந்தது. இவ்வளவு வலி ஏன் என்பது தெரியவில்லை. வயிற்றைத் திறந்துதான் கண்டுபிடித்தார்கள். கட்டியின் பாரத்தில் கர்ப்பப்பையே பிழிந்த ஈரத்துணிபோல் முறுக்கிக்கொண்டு கறுத்துக் கிடந்ததாம். இப்படிப் பார்ப்பது தனக்கே இதுதான் முதல் தடவை என்றார் அந்த டாக்டர். முந்தின நாளே வந்திருந்தால் இத்தனை பாடு இல்லை என்றும் சொன்னார். கிருமி ரத்தத்தில் கலந்து, பிழைப்பாளா என்று யாரும் சொல்லாத நிலையில் கிடந்து, பிழைத்தாள்.

கண் விழித்ததும் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

“மாப்ளகிட்ட என்னா சொன்னீங்க?”

இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

“கொடல்வாலுன்னு சொல்லிடுங்க.”

சொன்னேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை அதையே சொன்னார். இது கேஸ் இல்லை என்று தனக்கு அப்போதே தோன்றியதாகவும் சேர்த்துக்கொண்டார். வந்தவர்கள் பதினேழு பேர். அதில் ஒன்பது பேர் அவள் வயதுப் பெண்கள். குடல்வாலா, அடப்பாவமே என்று உச்சுக்கொட்டிவிட்டு, ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களில் யார் வயிற்றுக்குள் எத்தனை வருடக் கட்டி இருக்கிறதோ, யாரை எந்த மாப்பிள்ளை காரில் கூட்டிப்போகப் போகிறாரோ.