பிள்ளைக்காம்பராவில் பத்து மணி

பதவி உயர்வு கிடைத்த செய்தியைச் சொன்னதும் அம்மா சிரித்தார்.

"அப்ப நீயும் கங்காணி ஆயிட்டேன்னு சொல்லு."

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர் அவர். அவருக்குத் தெரிந்த மேற்பார்வை ஒன்றுதான். கொழுந்து பறிப்பவர்களின் நிரைக்குப் பின்னால் நின்றுகொண்டு அடுத்தவள் கையைப் பார்ப்பது. எனக்குச் சுருக்கென்றது. "கங்காணி இல்லம்மா, மேற்பார்வை உத்தியோகத்தர்" என்று திருத்தினேன். இப்போது சொன்னால் திருத்தமாட்டேன்.

அதுவரை நான் களத்தில் இருந்தேன். வீட்டில் அடிபடும் பெண்களுக்குத் துணை நிற்பது என் வேலை. ஹட்டனில் பஸ் ஏறி, தோட்டத்து வளைவில் இறங்கி, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு நடந்து போவேன். லயத்து அறைகளுக்கு நடுவே இருப்பது ஒற்றைச் சுவர். ஒரு வீட்டில் மூக்கை உறிஞ்சினால் அடுத்த வீட்டில் கேட்கும். அங்கே எந்தப் பெண் வாய் திறப்பாள்? ஆகவே பிள்ளைக்காம்பராவில் போய் உட்கார்ந்துகொள்வேன். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. காலை பத்து மணிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வருவார்கள். புருஷனும் மாமியாரும் கங்காணியும் பக்கத்தில் இல்லாத நேரம் அவர்களுக்கு அது மட்டுந்தான்.

அப்படித்தான் அவள் என்னிடம் பேசத் தொடங்கினாள். புருஷன் தோட்டத்தில் மருந்தடிப்பவன். குடித்தால் கைக்கு அகப்பட்டதைக்கொண்டு அடிப்பான். மாதக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒருநாள், மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்க, "எங்கயாவது கூட்டிட்டுப் போயிருங்க அக்கா" என்றாள். நான் பெண்கள் காப்பகத்தில் இடம் தேடத் தொடங்கினேன். இடம் கிடைக்கும் முன் எனக்கு நாற்காலி கிடைத்துவிட்டது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. தனி அறை, கதவில் பெயர், மழையில் நனையாத செருப்பு.

உத்தியோகத்தரான பிறகு ஒரு தடவை அந்தத் தோட்டத்துக்குப் போனேன், கொழும்பிலிருந்து வந்த மேலதிகாரிகளோடு ஜீப்பில். வாகனத்தில் வருகிறவர்கள் முதலில் தோட்டத்துரையின் ஒபிசுக்குப் போயாக வேண்டும். அங்கே அனுமதி வாங்கி நாங்கள் இறங்குவதற்குள் செய்தி லயத்துக்குப் போய்விட்டது. என்னைக் கண்டதும் அவள் வழக்கம்போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் புருஷன் பார்த்துவிட்டான். "ஜீப்புல வந்த பொம்பளைக்கும் ஒனக்கும் என்னடி பேச்சு?" என்று கேட்டு அன்று மாலை அவன் அடித்ததில் அவள் காதில் இரத்தம் வந்தது. பிள்ளைக்காம்பரா ஆயாதான் தொலைபேசியில் சொன்னார். "நீங்க இனி இந்தப் பக்கமே வந்துறாதீங்க. ஒங்க மொகம் அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு."

என் இடத்துக்கு உடப்புசல்லாவையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல பிள்ளை, சீக்கிரம் அழுதுவிடுவாள். தினமும் போய் உட்கார்ந்தாள். அடிபட்ட அந்தத் தாய் வருவாள், பால் கொடுப்பாள், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாள். இவள் என் அறைக்கு வந்து நின்றாள்.

"என்னால முடியல மிஸ். கடையில ஏதாச்சும் வேலை பாத்துக்கிறேன்."

பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்ததையெல்லாம் அவளிடம் ஒப்பித்தேன். நம்பிக்கை மெதுவாகத்தான் வரும், பொறுமை வேண்டும், அது இது என்று. என் வாயிலிருந்து வந்தது எனக்கே சகிக்கவில்லை. அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரமாக இருந்தது. இவளும் போய்விட்டால் அந்தப் பிள்ளைக்காம்பராவில் உட்கார ஆளில்லை. கெஞ்சித்தான் திருப்பி அனுப்பினேன்.

கடைசியில் காப்பகத்தில் இடம் கிடைத்தது. பத்து மணிக்குப் பால் கொடுக்க வருகிறவள் மலைக்குத் திரும்பாமல், குழந்தையோடு குறுக்குப் பாதையில் இறங்கி பஸ் ஏற வேண்டும். கூட்டிவர வேண்டியது அந்தப் பெண். ஆயா காதோடு காதாகச் சொன்னதற்குத் தாய் தலையாட்டினாளாம்.

அன்று காலை ஹட்டன் ஒபிசில் தொலைபேசியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் நிலையத்தில் கண்டக்டர்கள் ஊர் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏதாவதொரு பஸ்ஸில் ஏறிப் போய்விடலாமா என்று கால் துடித்தது. போனால் காரியம் கெடும். முனியாண்டிக்குக் கோழி நேர்ந்துகொண்டேன். அதற்குமேல் செய்ய எனக்கு ஒன்றுமில்லை.

தொலைபேசி அடித்தது.

"மிஸ், புள்ளைய என் மடியில வச்சிட்டாங்க."

"நல்லது. சட்டுனு கெளம்புங்க."

"இல்ல மிஸ். புள்ளைய மட்டும் கொண்டுபோகச் சொல்றாங்க. அவங்க வரலையாம். அவங்க போனா, அதே லயத்துல இருக்கிற அவங்கம்மாவ வெட்டிருவேன்னு வீட்டுக்காரரு சொல்லியிருக்காராம்."

தாயில்லாமல் கைக்குழந்தையைத் தூக்கிவர எங்களுக்கு அதிகாரமில்லை. சட்டம் விடாது, காப்பகமும் ஏற்காது. இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். களத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பேனோ என்னவோ. ஆனால் என் கட்டளைக்காகக் காத்திருந்தவள் அனுபவமில்லாத ஒரு பெண். பிடிபட்டால் மாட்டப்போவது அவள்.

"முடியாதுன்னு சொல்லு."

"எனக்கு வாய் வரல மிஸ். நீங்களே சொல்லுங்க."

தொலைபேசி தாயின் கைக்கு மாறியது. பக்கத்தில் குழந்தை சிணுங்கியது.

"புள்ளைய மட்டும் எடுக்க முடியாது தங்கச்சி. நீயும் வா. அம்மாவுக்காக நான் இப்பவே பொலிஸ்ல பேசுறேன். இப்பவே பேசுறேன். வந்துரு தங்கச்சி."

தூரத்தில் மலையிலிருந்து கங்காணி கூப்பிடும் சத்தம் கேட்டது.

"சரிங்க மிஸ்" என்றாள்.

ஒருநாளும் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, அக்காதான். வரச் சம்மதிக்கிறாள் என்று ஒரு கணம் நம்பினேன். தொலைபேசி மறுபடி கை மாறியது. உடப்புசல்லாவைப் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"தொட்டில்ல போட்டுட்டு நிரைக்குப் போயிட்டாங்க மிஸ். நான் வந்துரட்டுமா?"

நானும் அழுதுகொண்டிருந்தேன். அது அவளுக்குக் கேட்காமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னேன்.

"வராத. தொட்டில ஆட்டிக்கிட்டு இரு. நாளைக்கும் பத்து மணிக்கு நீ அங்க இருக்கணும்."

தொட்டில் கயிறு கிறீச்சிடுவது தொலைபேசியில் கேட்டது.

"சரிங்க மிஸ்" என்றாள் அவளும்.