சம்பந்திமார் துப்புத் துலக்கியது

பிரித்தானியத் துப்பறியும் தொடர்களில் எனக்குக் கொலை முக்கியமில்லை. கொலையாளி யாரென்று பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவேன். பெரும்பாலும் பிழையாகத்தான் கண்டுபிடிப்பேன், அது வேறு கதை. நான் பார்ப்பது அந்த இரண்டு பேரை. ஒருவர் முசுட்டு இன்ஸ்பெக்டர், நேரத்துக்குச் சாப்பாடும் இல்லை, சவரமும் இல்லை. மற்றவர் சப்பாத்தை மினுக்கிக்கொண்டு வருகிற சார்ஜன்ட். முதல் நாளே ஒருவரை ஒருவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனாலும் மழைக்குள் ஒரே காரில்தான் போயாக வேண்டும். வழியெல்லாம் சண்டை பிடித்துக்கொண்டே போய் ஆளைப் பிடித்துவிடுவார்கள். கலியாணத்துக்குப் பொருத்தம் பார்க்கலாம், வேலைக்குப் பொருத்தம் பார்த்தால் வேலை நடக்காது என்பது என் கட்சி.

கனடாவில், விட்பியில் மகள் வீட்டில் இந்தத் தொடர்களைப் பார்க்க எனக்கு வாய்த்த துணை என் சம்பந்தி, மருமகனின் தாய். நான் காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் போனில் பேசிப் பேசியே வாய் வளர்த்தவள். அவர் யாழ்ப்பாணத்து வடமராட்சி, சொற்களை எண்ணித்தான் செலவழிப்பார். நான் ஆட்டிறைச்சி இல்லாவிட்டால் சோறு இறங்காதவள். அவர் பிறவிச் சைவம். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவு ஓடாது, ஆனால் முகங்களைப் பார்த்தே, "உவள் பொய் சொல்லுறாள்" என்பார். அது சரியாகவும் இருக்கும். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும்.

அந்த எரிச்சலை வெளியில் காட்ட முடியாது. சம்பந்தி மரியாதை என்று ஒன்று இருக்கிறதே! "முதல்ல நீங்கள் குடியுங்கோ அக்கா", "இல்லையில்லை, நீங்கள் குடியுங்கோ" என்று தேத்தண்ணி ஆறிப்போகும். ஒரே கூரையின் கீழ் வருடக்கணக்காக இருந்தும் நாங்கள் இருவரும் மனம்விட்டு ஒரு வசனம் பேசியதில்லை.

போன கந்தசட்டி விரதத்தின் கடைசி நாள் காலை. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் மகள் வாசலில் நின்று சொன்னாள்: "அம்மா, நாளைக்குக் கோயில்ல திருக்கல்யாணம். என்ர தாலிக்கொடி வேணும். டோன்ட் ஃபொகெட், ஓகே?"

வேலைக்குப் பாரமென்று மகள் கழற்றித் தந்த அந்தக் கொடி என் பொறுப்பில் இருந்தது. எங்கள் வழக்கப்படி அது மாப்பிள்ளை வீட்டார் செய்வது; சம்பந்தி தன் காப்புகளை அழித்துச் செய்வித்தது. எங்கள் பக்கத்தில் வீடுடைக்கிற கள்ளர்களுக்குத் தமிழர் வீட்டு அரிசி வாளியும் சாமியறையும் நன்றாகத் தெரியும். அதனால் நான் என் மூளையைப் பாவித்தேன். கொடியைப் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, ஐஸ்கிறீம் டப்பாவில் வைத்து, மேலே ஆட்டிறைச்சிக் கறியை ஊற்றி, பேஸ்மென்ற் ஃபிறீசரில் உறைய வைத்திருந்தேன். எந்தக் கள்ளனும் தேடமாட்டான். சம்பந்தியும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டார்.

பிள்ளைகள் போனதும் கீழே போய் ஃபிறீசரைத் திறந்தேன். பட்டாணிப் பையும் றொட்டிப் பக்கற்றும் இருந்தன. இறைச்சி, மீன், றால் டப்பா ஒன்றுகூட இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாலிக்கொடி தொலைந்தது என்றால் எங்கள் சனம் அதைச் சும்மா நகை தொலைந்தது என்று சொல்லாது. "தாய்க்காரி தொலைச்சுப்போட்டாள்" என்ற பேச்சு என்னோடு நிற்காது, என் பிள்ளையின் வாழ்க்கையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

மேலே வந்து சம்பந்தியிடம் சொல்லிவிட்டேன், ஒரு டப்பாவில் வைத்தேன், மீன் குழம்பு, றால் டப்பாக்களோடு அதையும் காணவில்லை என்ற அளவில். அவர் ரிவியை நிறுத்தினார்.

"போன கிழமை ஹீற்றர் திருத்த வந்த பெடியன்தான் அக்கா! தனியக் கீழ நிண்டவன். இப்பவே அவன்ர கொம்பனிக்கு அடிக்கிறன்" என்று போனை எடுத்தேன்.

"வையுங்கோ போனை" என்றார் அவர். "நகை எடுக்க வந்தவன் மீன் குழம்பையும் றாலையும் ஏன் கொண்டு போறான்?"

நான் போனை வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"ஊரில கந்தசட்டி தொடங்க முந்தி, மகன்ர தகப்பன் கருவாட்டைக்கூட வீட்டில வைக்க விடமாட்டார். மகன்தான் எடுத்திருப்பான், எனக்காக. ஆனா சாப்பாட்டைக் கொட்டமாட்டான், நான் அப்பிடி வளக்கேல்லை. குடுத்திருப்பான். தனியச் சமைச்சுச் சாப்பிடுற சிநேகிதன் ஆர்?"

எனக்கு உடனே தெரிந்தது. மனைவி இன்னும் ஊரில், ஸ்பொன்சர் அலுவல் முடியாமல் ஸ்காபரோ அப்பார்ட்மென்ற் ஒன்றில் தனியே இருக்கிற, மருமகனின் சிநேகிதத் தம்பி. அவர் வீடு தெரியும், போன் நம்பர் எங்களிடம் இல்லை. மருமகனிடம் கேட்டால் அடுத்த நிமிடம் மகளுக்குப் போய்விடும்.

"காரை எடுங்கோ" என்றார் சம்பந்தி.

ஹைவே எனக்குப் பயம். கிங்ஸ்டன் றோட்டால் சிவப்பு விளக்குக்கு விளக்கு நின்று நின்று போனோம். மழை தூறியது. பிக்கரிங் தாண்டும்போது அவர் கேட்டார்: "வெறும் டப்பாவிலயோ வைச்சனீங்கள்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆட்டிறைச்சிக் கறிக்குள்ள அக்கா."

அவர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். முருகனுக்கு விரதம் பிடித்து, அன்று பச்சைத் தண்ணியும் குடிக்காமல் இருக்கிற மனுசியிடம், அவர் செய்வித்த தாலியை ஆட்டிறைச்சிக்குள் தாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஸ்காபரோ வரும்வரைக்கும் அவர் அந்தத் தலைப்பை எடுக்கவில்லை.

கதவைத் திறந்த தம்பி திகைத்துப்போனார். "வாங்கோ அன்ரி! நல்ல நேரத்துக்கு வந்தியள், சாப்பிடுங்கோவன். கறி இப்பதான் அடுப்பில வைச்சனான்."

இருவரும் சப்பாத்தோடு குசினிக்குள் பாய்ந்தோம். சட்டிக்குள் உறைந்த கறி பாதி இளகி, நடுவில் கட்டியாக நின்றது. நான் அடுப்பை நிறுத்தினேன். கரண்டியைப் போட்டுக் கிண்டினேன். கறிதான் வெளியில் தெறித்ததே தவிர ஒன்றும் அகப்படவில்லை.

"தள்ளும் அங்கால!" என்றார் சம்பந்தி.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பிறந்ததிலிருந்து இறைச்சியைத் தொட்டறியாத அந்தக் கையை முழங்கைவரை சட்டிக்குள் விட்டார். முகம் கோணவில்லை. துழாவி, கட்டியை உடைத்து, எண்ணெய் வடிய வடியப் பொலித்தீன் பொட்டலத்தை வெளியே இழுத்துத் தலைக்கு மேலே தூக்கினார்.

"இந்தா, கிடக்கு!"

நான் கத்திய கத்து பக்கத்து வீடுகளுக்கும் கேட்டிருக்கும். தம்பி ஒன்றும் விளங்காமல் தானும் கைதட்டினார்.

திரும்பி வரும்போது காருக்குள் எலுமிச்சம்பழ சோப்பும் ஆட்டிறைச்சியும் கலந்து மணத்தது. கொடி அவர் மடியில். என்னைப் பார்த்து, "உமக்கு முழு விசர்" என்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சந்தோசத்தில் கண்ணால் தண்ணீர் ஓடியது. சம்பந்தி மரியாதையை விட்டுப் பைத்தியம் என்று சொன்ன அந்த 'விசர்' எனக்குக் கிடைத்த பட்டம். கந்தோரில் இத்தனை வருடம் உழைத்தும் இப்படி ஒன்று கிடைக்கவில்லை. சிவப்பில் நின்றபோதெல்லாம் இரண்டு பேரும் திரும்பத் திரும்ப அதே கதையைச் சொல்லிச் சிரித்தோம்.

அடுத்த நாள் கோயிலில் மகள் கொடியைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். "அம்மா, வை டஸ் திஸ் ஸ்மெல் லைக் கறி?"

சம்பந்தி சுவாமியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பெருங்காயம் பிள்ளை. பூச்சி வராதெண்டு நான்தான் வைக்கச் சொன்னனான்."

ஆறு நாள் விரதம் இருந்தவர், கலியாணக் கோலத்தில் நிற்கிற முருகனுக்கு முன்னால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார். மகளும் நம்பிவிட்டாள். மேளம் உச்சத்தில் அடித்தது. அந்தச் சத்தத்துக்குள் சம்பந்தி என் விலாவில் ஒரு இடி இடித்து, காதுக்குள் குனிந்தார்.

"இனி ஒளிக்கிறதெண்டா என்னிட்டத் தாரும். என்ர பாவற்காய்க் கறிக்குள்ள இந்த வீட்டில ஒருத்தரும் கை வைக்கமாட்டினம்."