செம்பனைக் காட்டில் நின்றுபோன நங்கூரம்

போன ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை, நானும் சூசையும் சுங்கை சோவிலிருந்து பெஸ்தாரி ஜெயாவுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குப் போனோம். தேடிப் போனது ஒரு பிளாஸ்டிக் டப்பாவை. அதை மறைத்து வைத்ததே நாங்கள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தோட்ட ஆபீசில் கேட்டு அனுமதி வாங்கி வைத்தோம்.

ஜியோகேஷிங் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் டப்பாவை மறைத்து வைத்து, அந்த இடத்தின் எண்களை இணையப் பக்கத்தில் போடுவார். மற்றவர்கள் கையடக்க ஜிபிஎஸ் கருவியை வைத்துக்கொண்டு தேடிப் போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். சிலர் மணி, காசு என்று சின்னதாக ஏதாவது போட்டுவிட்டும் வருவார்கள். பரிசு கிடையாது. பரிசு இல்லாததற்கு இத்தனை பெட்ரோலா என்று என் மகள் மாலதி கேட்பாள். இதை நான் சொல்லச் சொல்லக் கணினியில் தட்டுவதும் அவள்தான். எனக்கு எழுத்து வராது, எண் வரும். இந்த விளையாட்டுக்கு எண்ணே போதும். எழுத்து வேண்டிய இடத்தில் சூசை இருக்கிறார். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், என்னைவிட எட்டு வயது இளையவர்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு கடிதம். பட்டர்வொர்த்தில் இருக்கும் பிலோமினா அம்மா இணையப் பக்கம் வழியாக எழுதியிருந்தார். இறந்துபோன அவர் கணவரின் சாவிக்கொத்தில் ஒரு பித்தளை நங்கூரம் இருந்தது. அதில் எண் பொறித்த தகடு ஒன்றைக் கோத்து, ஊர் ஊராகப் போகட்டும் என்று அனுப்பியிருந்தார். ஒருவர் ஒரு டப்பாவில் போடுவார், அடுத்து வருபவர் எடுத்துக்கொண்டு போய் வேறு டப்பாவில் போடுவார். தகட்டின் எண்ணை இணையப் பக்கத்தில் பதிந்தால் அது எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். தைப்பிங், ஈப்போ, ராசா என்று வந்து, எங்கள் டப்பாவில் ஏழு மாதமாக நிற்கிறது. அதற்குப் பிறகு மூன்று பேர் தேடிவிட்டு டப்பாவே இல்லை என்று எழுதிவிட்டார்கள். "அவரு அங்கேயே நின்னுட்டாரா அண்ணே?" என்று அம்மா கேட்டிருந்தார். சூசை அதை வாசித்துக் காட்டிய பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

காலை 6.40க்குக் கிளம்பினோம். சூசையின் காரில் 38 கிலோமீட்டர். பெஸ்தாரி ஜெயாவில் ரொட்டி சானாயும் தேத்தண்ணியும், இருவருக்கும் 9 வெள்ளி 40 சென். 8.15க்குத் தோட்டத்துக்குப் போனால், முன்பு நாங்கள் நுழைந்த மண்சாலையை வெட்டி அடைத்திருந்தார்கள். செம்பனைக் குலைத் திருட்டுக்குப் பயந்து இப்போது பல தோட்டங்களில் இப்படித்தான். சுற்றிப்போய் வேறு வாசலில் காவலாளியிடம் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து உள்ளே போனோம்.

வாசல் மாறியதால் என் கணக்கும் போய்விட்டது. பழைய சாலையிலிருந்து பதினான்காவது நிரை, ஒன்பதாவது மரம், வெட்டிப்போட்ட மட்டை அடுக்கின் அடியில் டப்பா. அது எனக்கு மறக்காது. ஆனால் எண்ணத் தொடங்க அந்தச் சாலை வேண்டுமே? இனிக் கருவிதான் கதி.

முதல் கோளாறு அங்கேயே வந்தது. கருவியைத் திறந்ததும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சிவப்புக் காட்டியது. முந்தின நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றியவை. சார்ஜ் ஏற்றும் வகையைப் போட்டுவிட்டு, கருவியில் சாதாரண வகை என்று விட்டிருந்தால் இப்படித் தப்புக் காட்டும். சூசை அதை மாற்றினார், சிவப்பு போய்விட்டது. அடுத்து, இரண்டு மாதம் அலமாரியில் கிடந்த கருவி செயற்கைக்கோள்களை உடனே பிடிக்காது. மரத்தடியில் நின்று அவசரப்படுத்தினால் இன்னும் தாமதமாகும். வெட்டவெளியில் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, பதினேழு நிமிடம் சும்மா நின்றோம். நான் வேலை செய்த காலத்தில் சர்வேயர் ஐயாவுக்குச் சங்கிலி இழுத்தவன். அறுபத்தாறு அடிச் சங்கிலியை முள்ளிலும் சேற்றிலும் இழுத்துத்தான் ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் ஓடுகிற ஒன்று அதையே எப்படிச் சொல்கிறது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். சூசை இரண்டு தடவை விளக்கியிருக்கிறார். அவருக்கும் முழுசாகத் தெரியாது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

9 மணிக்கு நடந்தோம். அம்பு வடகிழக்கே காட்டியது. வழியில் ஒரு பெரிய கால்வாய், அதன்மேல் பலகைப் பாலம். டப்பா வைத்த அன்று நாங்கள் கால்வாய் எதையும் தாண்டவில்லை என்று சொன்னேன். அன்றைக்கு வேறு வாசல் அல்லவா என்றார் சூசை. அதுவும் நியாயமாகப் பட்டது. 9.50க்குக் கருவி பூஜ்யம் காட்டியது. சுற்றிப் பார்த்தால் எல்லாம் என் தோள் உயரக் கன்றுகள். நாங்கள் டப்பா வைத்தது அண்ணாந்து பார்க்கிற மரங்களுக்கு நடுவில்.

சூசை ஒரு கன்றின் மட்டையைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு வருஷத்துல மரம் எளமையாயிடுச்சுண்ணே. என்னா சாப்பிடுதுன்னு கேளுங்க, நமக்கும் வேணும் லா."

நான் சிரிக்கவில்லை. இத்தனை பேர் தேடியும் கிடைக்காததற்கு நாங்கள் போட்ட எண்ணே தப்போ என்று பயந்தேன். அப்படியானால் பிலோமினா அம்மாவின் பொருளை நான் தொலைத்த மாதிரி. ஆனால் அம்மா அனுப்பிய நங்கூரத்தை ஒருவர் இதே எண்ணை வைத்துத்தானே டப்பாவில் போட்டார்? எண் தப்பாக இருக்க முடியாது. இணையப் பக்கத்தில் இருப்பதை வாசிக்கச் சொன்னேன். சூசை கைப்பேசியைப் பார்த்து வாசித்தார்: மூன்று, இருபத்து நான்கு புள்ளி நான்கு ஐந்து பூஜ்யம். நூற்று ஒன்று, இருபத்தைந்து புள்ளி மூன்று பூஜ்யம் பூஜ்யம்.

என் மனத்திலும் அதே எண்கள், அதே வரிசை. ஆனால் இடையில் புள்ளி என்று ஒன்று இருப்பதை நான் மனத்தில் வைத்ததே இல்லை.

நடந்தது இதுதான். ஜூன் மாதம் கருவி அசையாமல் நின்றுவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் அழித்துத் திரும்பத் தயார்செய்து கொடுத்தார்கள். அப்போது எண் காட்டும் முறையும் மாறிவிட்டது போல. நான் அதைப் பார்க்கவில்லை. பயணத்துக்கு முந்தின நாள், பக்கத்தைப் பார்க்காமல் மனப்பாடமாகவே எண்களை அழுத்தினேன். இணையப் பக்கத்தில் இருப்பது 24.450 நிமிடம்; இது நேரக் கணக்கல்ல, பாகையின் பகுதி. கருவி எடுத்துக்கொண்டதோ 24 நிமிடம் 45.0 விநாடி. நாலு ஐந்து பூஜ்யம், அழுத்துவதற்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் புள்ளி நான்கு ஐந்து நிமிடம் என்பது இருபத்தேழு விநாடிதானாம். முறையைத் திருத்தி எண்ணைத் திரும்பப் போட்டதும் கருவி தென்மேற்கே 667 மீட்டர் காட்டியது. மறக்காத மனம் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அதனால்தான் சரிபார்க்காமல் அழுத்தினேன்.

திரும்பக் கால்வாயைத் தாண்டி, சுற்று வழியில் 1.2 கிலோமீட்டர். 10.40க்குப் பெரிய மரங்களுக்குள் போனோம். இங்கே வேறு தொல்லை. மட்டைகள் வானத்தை மூடியிருப்பதால் அம்பு அலையும். ஒரு சமயம் ஆறு மீட்டர் என்றது, நின்ற இடத்திலேயே பதினைந்து என்றது. நின்றபடி அம்பைப் பார்க்காதீர்கள், பத்து அடி நேராக நடந்து பாருங்கள். கைப்பேசியைக் கருவியோடு சேர்த்துப் பிடிக்காதீர்கள், திசைகாட்டி குழம்பும். செம்பனை மரத்துக்கு மரம் இருபத்தொன்பது அடி, ஏறக்குறைய ஒன்பது மீட்டர். அதனால் கருவி ஒன்பது மீட்டர் தப்பினாலே நீங்கள் பக்கத்து மரத்தடியில் தேடிக்கொண்டிருப்பீர்கள். நாங்கள் நான்கு பக்கத்திலிருந்தும் நடந்துபார்த்து, எல்லாம் எங்கே கூடுகிறதோ அந்த மரத்தை எடுத்தோம். அங்கிருந்து பழைய சாலை தெரிந்தது. எண்ணினேன். பதினான்காவது நிரை, ஒன்பதாவது மரம். மரம் சரிதான்.

மட்டை அடுக்குத்தான் இல்லை. பக்கத்து வடிகால் காணை அகலப்படுத்த மண்வாரி இயந்திரம் வந்துபோன தடம் இருந்தது. அரைமணி நேரம் கிளறினோம். பாம்புச் சட்டை ஒன்றும் ஒற்றைக் காலணியும் கிடைத்தன.

அப்போது குலை வெட்டிக்கொண்டிருந்த ஒரு வங்காளதேசத்துக்காரர் அருகில் வந்தார். பெயர் ரஃபிக். என்ன தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். டப்பா என்றதும் அரிவாளைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். மண்வாரி வந்த அன்று டப்பா மேலே கிடந்ததாம். திறந்தால் மணி, காசு, நாள் போட்டு ஆட்கள் பெயர் எழுதிய நோட்டு. இது தமிழர்களின் சாமிப் பொருள், தொட்டால் வம்பு என்று நினைத்து முனியாண்டி கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டாராம். தான் எதையும் எடுக்கவில்லை என்று மூன்று தடவை சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கோயில் அங்கிருந்து 320 மீட்டர். ஓர் அரசமரம், தகரக் கூரை, ஒரு சூலம். வெள்ளிக்கிழமை என்பதால் லெட்சுமி என்ற ஓர் அம்மா விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தோட்டத் தொழிலாளர்களுக்கென்று மிச்சமிருக்கும் ஆறு லயத்து வீடுகளில் ஒன்று அவருடையது. எங்கள் டப்பா சாமிக்குப் பக்கத்தில், மூடியில் மஞ்சள் குங்குமத்தோடு இருந்தது. நோட்டை எடுத்துச் சூசை வாசித்தார். முதல் பக்கங்களில் டப்பாவைக் கண்டுபிடித்தவர்கள். அதற்குப் பிறகு, மகளுக்கு எஸ்பிஎம் பரீட்சை நல்லா வரணும், கால்வலி போகணும், வீடு கிடைக்கணும். ஐந்து பக்கம் நிறைய.

நங்கூரம் டப்பாவில் இல்லை. சூலத்தில், எலுமிச்சம்பழத்துக்கு மேலே சிவப்புக் கயிற்றில் தொங்கியது.

விஷயத்தைச் சொன்னேன். லெட்சுமி விளக்கைத் தூண்டிவிட்டபடியே கேட்டார். அவர் மகன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். போய் எட்டு மாதம். டப்பாவில் கிடந்ததிலேயே நங்கூரத்தைத்தான் அவர் எடுத்திருக்கிறார், மகன் நல்லபடியாகக் கரை சேர வேண்டும் என்று கட்டியிருக்கிறார்.

"கழட்றது ஒரு நிமிச வேலண்ணே," என்றார். "எம்மவன் இப்பத் தண்ணி மேல இருக்கான். நீங்க கழட்டுங்க, பாப்போம்."

நான் கையைக் கட்டிக்கொண்டேன். சூசை சிலுவைக்காரர், அவரே இரண்டு அடி பின்னால் போய்விட்டார். யாருடைய பொருளோ அவரைக் கேட்பதுதான் முறை என்று பட்டர்வொர்த்துக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சூசையிடம் சொன்னேன். கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்டார் பிலோமினா அம்மா. கிடைத்தது, ஆனால் கட்டியிருக்கிறது என்றேன். போனை லெட்சுமியிடம் கொடுத்தேன்.

லெட்சுமி போனோடு மரத்துக்குப் பின்னால் போனார். பதினைந்து நிமிடம். முதலில் குரல் உயர்ந்தது, பிறகு கேட்கவே இல்லை, கடைசியில் சிரிப்பு கேட்டது. திரும்பி வந்து போனை என் கையில் கொடுத்தார்.

"தீபாவளி வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்ண்ணே," என்றார் பிலோமினா அம்மா. "பையன் வந்தா அடுத்த கப்பல்ல எடுத்துட்டுப் போறானாம். எங்க வூட்டுக்காரரு முப்பது வருசம் ஃபெரியில ஓடுனாரு. இந்தக் கரை, அந்தக் கரை, அவ்ளோதான். ஒரு தடவ வெளிய போய்ட்டு வரட்டும்."

துறைமுகங்களில் இப்படி டப்பா இருக்குமா என்று லெட்சுமி கேட்டார். சூசை இணையப் பக்கத்தில் பார்த்து, கப்பல் போகும் ஊர்களிலெல்லாம் இருக்கிறது என்று காட்டினார். 1.15க்குக் கிளம்பி 2.30க்கு வீடு வந்தோம்.

போக விரும்புகிறவர்களுக்கு: டப்பா இனி அரசமரத்தடியில்தான். லெட்சுமி சம்மதித்துவிட்டார், சூசை புதுப் பக்கம் திறந்துவிட்டார், பழையது மூடியாயிற்று. கோயில் முன்னால் வானம் திறந்திருப்பதால் கருவி மூன்று மீட்டருக்குள் கொண்டுவந்துவிடும். புறப்படும் முன்பு எண் முறையைப் பாருங்கள், புள்ளி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கருவியைக் கடையில் கொடுத்து வாங்கினால், போவதற்கு முன் தெரிந்த இடம் ஒன்றில் சோதித்துவிடுங்கள். எனக்கு என் வீட்டு வாசலே போதுமாக இருந்திருக்கும். காவலாளியிடம் சொல்லாமல் நுழையாதீர்கள். செருப்பைக் கழற்றுங்கள். நோட்டில் வேண்டுதல் எழுதியிருக்கும் பக்கங்களை விட்டுவிட்டு, பின்னாலிருந்து தொடங்கி உங்கள் பெயரை எழுதுங்கள். சூலத்தைத் தொடாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் முடிவதாக இல்லை. நங்கூரம் எங்கே இருக்கிறது என்று பதிய வேண்டும். இணையப் பக்கம் இரண்டே வழி கொடுக்கிறது: டப்பாவில் இருக்கிறது, அல்லது ஓர் ஆட்டக்காரரின் கையில் இருக்கிறது. டப்பாவில் என்று போட்டால் யாராவது தேடிவந்து கழற்றிவிடுவார்கள். சாமியிடம் என்று போட வழியில்லை. அதனால் என் கையில் இருப்பதாக என் பெயரில் போடச் சொல்லிவிட்டேன். இப்போதே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்களாம், அடுத்தவர் பொருளை இப்படி வைத்துக்கொள்வது நியாயமா, சீக்கிரம் விடுங்கள் பெரியவரே என்று. திட்டுகிறவர்கள் தீபாவளி வரைக்கும் திட்டிக்கொள்ளுங்கள். நங்கூரம் என்னிடம்தான் இருக்கிறது.