வில்லன் வராத வாரம்

எழுபதுகளின் கடைசியில், கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்துக்கொண்டே வானொலிக்கு வாரத்தொடர் நாடகம் எழுதினேன். அதில் வில்லன், ஆட்களை வேலை வாங்கும் ஒரு கங்காணி. பேச்சு இயல்பாக இருக்கட்டுமே என்று, எங்கள் தோட்டத்துக் கங்காணி கொழுந்து நிறுக்கும்போது சொல்லும் "தண்ணி கழிச்சாச்சு லா!" என்பதை, எங்கள் ஊர் 'லா' இழுவையோடு அப்படியே தூக்கி அவன் வாயில் போட்டேன். எங்கள் கங்காணி ஈரக் கொழுந்துக்கு மட்டும், தண்ணீரின் எடையாகத் துரை சொன்ன அளவைக் கழிப்பவர். என் வில்லன் கொளுத்தும் வெயிலிலும் கழித்தான்.

நாடகத்தைக் கேட்டுவிட்டு, எடை போடும் இடத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கேலியை ஆரம்பித்துவிட்டார்கள்.

"கங்காணியாரே, வெயிலடிக்குது. இன்னும் தண்ணி கழிக்கலியா லா?"

அவர் முகம் கறுத்தது. பக்கத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த வீரனாகிய நான் பேனாவைக் கீழே போட்டு, மேசைக்கடியில் ரொம்ப நேரம் தேடினேன்.

பயத்தில் வில்லனைக் குறைத்தேன். மாதம் ஒருமுறை வந்தால் போதும். மற்ற வாரங்களில் அவன் மலைக்குக் கீழே ஈப்போ டவுனுக்குப் போயிருப்பதாக யாராவது சொல்வார்கள். ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்க அவன் பேச்சுதான். ஈப்போவில் என்ன சதி செய்கிறானோ! அவன் வராத வாரமெல்லாம் எங்கள் கங்காணியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஈப்போ குளிரா, சூடா கங்காணியாரே?"

ஒருநாள் அவர் என் ஆபீசுக்குள் வந்து கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாகக் குதிக்கலாமா என்று பார்த்தேன். ஜன்னல் சின்னது, நான் பெரியவன்.

"கிராணியாரே, அந்தப் பயல ஏன் ஈப்போவுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கீங்க?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"அவன் வந்தா ரேடியோவத் திட்டித் தீத்துக்கிறாங்க. வராட்டி என்னைத் தேடி வர்றாங்க. வாரா வாரம் கொண்டாங்க லா. இல்லாட்டி, நான் தோட்டத்துல வேற டிவிஷனுக்கு மாத்தல் கேட்டுப் போயிடுறேன்."

"அந்த வார்த்தைய நான் எடுத்திருக்கக் கூடாதுண்ணே."

"எம் பொண்டாட்டியே சிரிச்சா," என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

அதன்பின் வில்லன் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. கொஞ்ச நேரம் வருவான், ஒரு அட்டூழியம் பண்ணுவான், போவான். ஜனங்களுக்கு அது போதுமாயிருந்தது. கேலியும் மெல்ல அடங்கியது. கங்காணி மாற்றல் கேட்கவில்லை. ஆனால் மழைக் கொழுந்து வந்தால் வாயே திறக்கமாட்டார். எத்தனை ராத்தல் கழித்தார் என்பதை விரலால் காட்டுவார். அந்த விரல்களைப் பார்த்துத்தான் நான் கணக்கெழுத வேண்டும்.