மாமனார் என் பெயரை எழுதிய தாள்

இன்று மாமனாரோடு பாளையங்கோட்டையில் நோட்டரி வக்கீலைப் பார்க்கப் போனேன்.

இனிப் பிழைக்க வழியில்லை என்ற நிலை வந்தால் செயற்கை சுவாசம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிறார். அப்போது அவருக்காக முடிவு சொல்ல ஒருவர் பெயர் வேண்டுமாம். என் பெயரைச் சொன்னார்.

“மகன் பேரு வேண்டாமா, அண்ணாச்சி?” என்றார் வக்கீல்.

“அவன் அழுதுக்கிட்டே குழாய மாட்டச் சொல்லிருவான். சுகர் வந்த நாள்ல இருந்து இவகிட்ட கெஞ்சுதேன், காப்பியில ஒரு கரண்டி சீனி போட மாட்டேங்கா. இவதான் சரி.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் சந்தோஷத்தில் சீனி டப்பாவைத் திறந்தேன். உடனே மூடிவிட்டேன்.

போட்டிருந்தால் என் பெயரை அடித்துவிட்டு மகன் பெயரை எழுதிவிட மாட்டாரா, என்ன?