பாவ்லோவின் தாய்க்கு எங்கள் வீட்டில் படையல்

1. ஊதுபத்தி

சீனர் கடையில் எனக்கு வேலை கிடைத்த முதல் நாளே அது போகப் பார்த்தது. பலேர்மோ ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஓர் உடுப்பு மொத்த வியாபாரக் கடை. நான் மகசினியேரே, அதாவது ஸ்டோரில் பெட்டி இறக்கி அடுக்குகிற ஆள். அதற்கு முன் சீனச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பாத்திரம் கழுவியிருந்தேன். அங்கே வாசலில் சிவப்பு மாடம், உள்ளே ஒரு சாமி, முன்னால் எந்நேரமும் ஊதுபத்தி. சீனர் எல்லோரும் இப்படித்தான் என்று நானே தீர்மானித்து, புது முதலாளியைக் குளிர வைக்க ஒரு பெட்டி ஊதுபத்தி வாங்கிப் போய்க் காசு மேசையில் கொளுத்தி வைத்தேன்.

முதலாளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளிருந்து வந்தார். விரலை ஈரமாக்கி நெருப்பை அணைத்தார்.

"இஞ்சை இது வேண்டாம். நாங்கள் இயேசுவைக் கும்பிடுற ஆக்கள்."

இத்தாலியனில்தான் சொன்னார். அவருடைய இத்தாலியனும் என்னுடையதும் ஒரே அளவு ஓட்டை என்பதால் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அவருக்கு இங்கே பெயர் பாவ்லோ. ஊர் சீனாவின் கிழக்குக் கரையில், வென்ஜோ பக்கம். அங்கே தெருவுக்குத் தெரு விசுவாசிகள் இருக்கிறார்களாம். வேதக்காரச் சீனரை நான் அன்றுதான் முதலில் கண்டேன். ஊதுபத்திப் பெட்டியைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டுப் பெட்டி அடுக்கப் போனேன்.

2. கடைக்குள் ஒரு சபை

அந்தக் கடையை இப்போது நினைத்தாலும் மனம் இளகும். காலையில் ஷட்டர் தூக்க முன் பாவ்லோவும் மனைவியும் போனை மேசையில் சாய்த்து வைப்பார்கள். மிலானிலும் பிராத்தோவிலும் உள்ள கடைக்காரர்கள் அதே நேரம் போனில் வந்து ஒன்றாக ஜெபம் செய்வார்கள். ஒருவர் அழுவார், இன்னொருவர் பின்னால் பார்சல் கட்டிக்கொண்டே ஆமென் சொல்வார். சீனப் புதுவருசத்துக்குக் கதவில் ஒட்டும் சிவப்புத் தாளில் செல்வம் கொழிக்கட்டும் என்பதற்குப் பதிலாக வேத வசனம் இருக்கும். ஞாயிறு மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு, பின்பக்க ஸ்டோரில் ஜாக்கெட் பெட்டிகளுக்கு நடுவே கதிரை போட்டு ஆராதனை. பாட்டு முடிந்ததும் எல்லோருக்கும் சோறு, எனக்கும் சேர்த்து. ஒருநாளும் என்னை மதம் மாறச் சொல்லவில்லை. "உனக்காகவும் ஜெபிச்சனான்" என்று மட்டும் சொல்வார். என் முதுகுவலிக்கு அது கேட்டதோ தெரியாது, எனக்குப் பிடித்திருந்தது.

3. பெரியவர்

பிறகு பாவ்லோவின் தகப்பன் ஊரிலிருந்து வந்தார். மனைவியை இழந்து தனியாக இருந்தவர். இருதய வருத்தம் வேறு. அவர் விசுவாசி அல்ல. வசந்தத்தில் இறந்தவர்களுக்குச் சமைத்துப் படைக்கும் நாள் அவர்களுக்கு உண்டு. படைத்ததைக் குடும்பமாக இருந்து சாப்பிடவும் வேண்டும். நம் திவசம்தான், உடுப்பு மட்டும் வேறு. பாவ்லோ தன் வீட்டில் அது முடியாது என்றுவிட்டார். தாய்க்குப் பூ வைப்பேன், ஜெபிப்பேன், ஆனால் படையலும் இல்லை, படைத்ததை வாயில் வைப்பதும் இல்லை.

பெரியவர் சண்டை பிடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பி அங்கேயே தனியாக இருக்கப் போவதாகச் சொன்னார். பாவ்லோ அந்தக் கிழமை முழுக்கப் பெட்டியில் ஒட்டும் சைஸ் லேபிளை மாற்றி மாற்றி ஒட்டினார். அந்த நெஞ்சோடு தனியே போனால் தகப்பனை இனி உயிரோடு காணமாட்டார் என்பது எனக்கும் தெரிந்தது.

ஒருநாள் பெரியவர் ஸ்டோருக்கு வந்து தன் போனுக்குள் ஏதோ சொன்னார். போன் அதை மொழிபெயர்த்து ஒரு பெண் குரலில் இத்தாலியனில் கேட்டது: "நீயும் செத்தவைக்குப் படைக்கிற ஆள்தானே? உன்ரை அடுப்பைத் தருவியா? நான் இஞ்சை வந்த நாளிலையிருந்து என்ரை மனிசி பட்டினி."

சரி என்று தலையாட்டினேன். வன்னியில் பறிகொடுத்துவிட்டு வந்த என் தாயும் எனக்குப் படையலில்தான் மிச்சம்.

வீட்டில் மனைவி ரஞ்சியிடம் சொன்னேன். தகப்பனும் மகனும் நாளைக்கு ஒன்றாகிவிடுவார்கள், நடுவில் மத்தளம் நீங்கள்தான், மகனுக்கு முதலில் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். பாவ்லோ கையிலிருந்த லேபிளை ஒட்டி முடித்தார்.

"தடுக்கமாட்டன். ஆனா நான் வரமாட்டன்."

ஞாயிறு காலை பெரியவர் பல்லாரோ சந்தையில் தானே மீன் பார்த்து வாங்கி, கால்சாப் பகுதியில் இருந்த எங்கள் இரண்டறை வீட்டுக்கு வந்தார். உப்பில் ஊறின கீரை போட்டு மீன் காய்ச்சினார். மனைவியின் கைப்பாகமாம். சுவரில் இருந்த எங்கள் சாமித்தட்டுக்குக் கீழே அவளுடைய படம், சோறு, மீன். ஊதுபத்தி கொளுத்தி மூன்றுதரம் குனிந்தார்.

ஆராதனை முடிந்து தகப்பனைக் கூட்டிப்போக வந்த பாவ்லோ படிக்கட்டிலேயே நின்றார். ரஞ்சி போய் உள்ளே கூப்பிட்டாள். வந்தவர் படத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், பிறகு கண்ணைத் தாழ்த்தினார். பெரியவர் மகனுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்தக் கதிரை வெறுமையாகவே இருந்திருந்தால் பெரியவருக்கு அடுத்த கிழமை விமானம்தான்.

ரஞ்சி குசினிக்குள் போய் மூடிவைத்திருந்த ஒரு தட்டைக் கொண்டுவந்து அந்தக் கதிரைக்கு முன்னால் வைத்தாள்.

"இது படைக்க முந்தி எடுத்து வைச்சது. சாமிக்கும் காட்டேல்லை, ஆவிக்கும் காட்டேல்லை. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

அவளுடைய தங்கை மட்டக்களப்பில் பெந்தகோஸ்தே சபையில் சேர்ந்தவள். அவர்கள் வீட்டுத் திவசத்தில் அவளுக்கு எப்போதும் இப்படித்தான் முதலே எடுத்து வைப்பார்களாம். என்னிடம்கூடச் சொல்லாமல் செய்திருந்தாள்.

நான் இத்தாலியனில் சொல்லி முடிக்க முன்பே பாவ்லோ கதிரையில் இருந்துவிட்டார். தலை குனிந்து ஜெபித்தார். ஒரு வாய் வைத்தார். தகப்பன் ஏதோ கேட்க, மகன் வாயை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். என்ன கேட்டார் என்று மறுநாள் பெட்டி அடுக்கும்போது விசாரித்தேன். உப்புக் காணுமா என்று கேட்டாராம்.

பெரியவர் ஊருக்குப் போகவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் அடுப்பு அவருடையதாயிற்று.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு, முதலாளியின் சாமி விஷயத்தில் தலையிடாதே என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் தலையிடச் சொல்லவில்லை. ஆனால் எதை அவர் சாப்பிடமாட்டார் என்று தெரிந்து வைத்திருங்கள். அது தெரிந்தால்தான் அவருக்கும் ஒரு தட்டு எடுத்து வைக்கலாம்.