இரண்டு மணிக்குச் சரியாக உட்கார்ந்த குற்றம்: சுந்தரபாண்டியம் வழியாக ராஜபாளையம்

போன வியாழக்கிழமை நான் ராஜபாளையம் போனது மலை பார்க்க இல்லை. ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்ப என் கையெழுத்து தேவைப்பட்டது. நான் வேலை பார்க்கும் மதுரை கம்பெனியின் மென்பொருள் அங்கே ஒரு நூல் மில்லின் பேக்கிங் பிரிவில் ஓடுகிறது. சில நாட்களாக நூல் பெட்டிகளில் வேறு லாட்டின், அதாவது வேறு சரக்குத் தொகுதியின், லேபிள் அச்சாகி வந்தது. எப்போதும் மதியம் இரண்டு மணிக்கு, எப்போதும் முத்துலட்சுமியின் கம்ப்யூட்டரில். ‘ஆபரேட்டர் தவறு’ என்ற அறிக்கை முன்கூட்டியே தட்டச்சாகி என் பையில் இருந்தது.

மாட்டுத்தாவணியில் காலை 5.20 பஸ். ராஜபாளையத்துக்கு 75 ரூபாய் டிக்கெட் எடுத்துவிட்டு, 7.15-க்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கினேன். மிச்ச தூரத்தை யாரு போவான்னு கண்டக்டர் கேட்டார். நீங்களே போயிட்டு வாங்க என்றேன். மில்லில் இருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட முத்துலட்சுமி இருப்பது சுந்தரபாண்டியத்தில். அவளைப் பார்க்கத் தேவையில்லை என்று என் மேலாளர் சொல்லியிருந்தார். அதனால்தான் பார்க்கப் போனேன். டவுன் பஸ் முக்கால் மணி நேரம். பெண்களுக்கு இலவசம்தான், அந்த டிக்கெட்டைப் பிச்சை போடுகிற மாதிரி நீட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், அது நம் வரிப்பணம்.

முத்துலட்சுமிக்கு என் வயதுதான் இருக்கும். என்னை உட்காரச் சொல்லவில்லை. “நாஞ் சரியா ரெண்டு மணிக்கு உக்காருவேன் மேடம். முந்துன ஷிப்டு ஆளு பக்கத்து மெஷின்ல லாட்ட மூடுவா, அதே லாட்ட நான் இங்க திறப்பேன். இதுல நான் என்னத்தக் கெடுத்தேன்?”

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. ஒவ்வொரு லாட்டின் விவரமும் எங்கள் மென்பொருளின் நினைவகத்தில் ஒரே பிரதியாக இருக்கும். எல்லாத் திரைக்கும் அது பொது. எத்தனை திரை அதைப் பிடித்திருக்கிறது என்று ஓர் எண்ணிக்கை ஓடும். பூஜ்யமானால் அதை அழித்து, இடத்தை வேறு லாட்டுக்குக் கொடுத்துவிடும். பூஜ்யம் என்று பார்ப்பதற்கும் அழிப்பதற்கும் நடுவே கண் இமைக்கும் நேரம். அதற்குள் இன்னொரு திரை அதே லாட்டைக் கேட்டால், அழியப்போவதைக் கையில் கொடுத்துவிடும். பிறகு அந்த இடத்துக்கு வந்த வேறு லாட்டின் விவரம்தான் லேபிளில் அச்சாகும்.

இதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். மில்லில் பெண்கள் உடை மாற்றும் அறைக்கு வெளியே ஒரு போர்டு. உள்ளே போகிறவர் டோக்கனை மாட்ட வேண்டும், வருகிறவர் எடுக்க வேண்டும், போர்டு காலியானால் கடைசி ஆள் பூட்ட வேண்டும். ஒருநாள் ஒருத்தி காலி போர்டைப் பார்த்துவிட்டுப் பூட்டை எடுக்கத் திரும்பிய நேரத்தில், டோக்கனைக் கையில் வைத்தபடியே முத்துலட்சுமி உள்ளே போய்விட்டாள். அரை மணி நேரம் அடைபட்டுக் கிடந்திருக்கிறாள்.

“அவ மேலயும் தப்பில்ல, எம்மேலயும் தப்பில்ல. பொறவு நாங்களே ஒண்ணு பேசி வச்சோம். சாவி கையில இருக்கவதான் டோக்கனத் தொடணும், போர்டப் பாக்கணும், பூட்டணும். மத்தவ செத்த நேரம் நிக்கணும். இம்புட்டுதான. ஒங்க ஆபீசுல யாருக்கும் தோணலயாக்கும்?”

தோணவில்லை. எனக்கும்தான்.

டவுன் பஸ்ஸுக்கு வெகுநேரம் காத்திருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பி, அடுத்த பஸ்ஸில் ராஜபாளையம்; பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். மில்லுக்குள் 1.30. இரண்டு மணிக்கு சூப்பர்வைசரையே முத்துலட்சுமியின் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். பக்கத்தில் முதல் ஷிப்டு பெண் மூட மூட, இவர் திறந்தார். ஒன்பதாவது முறை வேறு லாட்டின் லேபிள் வந்தது. அதைக் கிழித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனவரிடம் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

“ரெண்டு பக்கமும் கொஞ்சம் தப்புன்னு போட்ருங்க மேடம். அந்தப் பிள்ள இனி அஞ்சு நிமிஷம் கழிச்சு உக்காரட்டும், யாருக்கும் சங்கடமில்ல.”

அஞ்சு நிமிஷம் தாமதித்தால் அரை மணி நேரக் கூலியைப் பிடிக்கும் மில் அது. எங்கள் ஓட்டையை அடைக்க அவள் கூலி. பையில் இருந்த அறிக்கையை அங்கேயே கிழித்தேன். ‘தவறு மென்பொருளில், ஆபரேட்டர் மீது எதுவும் இல்லை’ என்று கையால் எழுதிக் கையெழுத்திட்டு, அந்த லேபிளோடு படமெடுத்து மில்லுக்கும், என் மேலாளருக்கும், முத்துலட்சுமிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். திருத்தி எழுத யாருக்கும் இடைவெளி கொடுக்கவில்லை. மறுநாள் மதுரையில் நிரலைத் திருத்தி மில் கம்ப்யூட்டர்களில் ஏற்றினேன்: எண்ணுவது, பார்ப்பது, அழிப்பது, புதிதாகக் கொடுப்பது, எல்லாம் ஒரே சாவிக்குள். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. வரட்டும்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: சுந்தரபாண்டியம் டவுன் பஸ் நேரத்தை இணையத்தில் தேடாதீர்கள், ஸ்டாண்டில் கேளுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். என்னைப் போலவே வேலைக்காக வருகிறவர்கள் என்றால், பழி சுமக்கிற ஆளை முதலில் பாருங்கள், ஆபீஸை அப்புறம்.

திங்கட்கிழமை முத்துலட்சுமியிடம் இருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் மில் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

“சூப்பர்வைசரு இன்னமும் அஞ்சு நிமிஷம் கழிச்சு உக்காருன்னாரு மேடம். மாட்டேன்னுட்டேன். ரெண்டு மணி ஆயிருச்சு, உக்காரப் போறேன்.”